சாக்பீஸ் வட்டம்

சைலன்சருக்கு மேட் கறுப்பா, பளபளப்புக் கறுப்பா என்று கேட்டால் நான் எப்போதும் மேட் என்றுதான் சொல்வேன், மேடம். பளபளப்பு முதல் வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு கீறலும் ஊருக்கே தெரியும். மேட் கொஞ்சம் பொறுத்துப்போகும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ரோந்து பைக்குக்கு யாரோ பளபளப்பு அடித்திருக்கிறார்கள், அதுவும் ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்ட். உள்ளே வரும்போதே பார்த்தேன். கொப்புளம் கட்டியிருக்கிறது.

நான் நின்றுகொண்டே சொல்கிறேனே. உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. இந்த மேசை ஓரத்தில் பெயிண்ட் தூக்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவேன். நீங்கள் எழுதிவைத்திருக்கிற தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதும் ஏட்டையா முறைத்தார். அவர் கோபம் நியாயம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டால் இது கவனக்குறைவு கேஸ், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்று நீங்களே சொன்னீர்கள். வளவனூர் ரோட்டில் ஒரு பெண் லாரிச் சக்கரத்தில் செத்துப்போயிருக்கிறாள், அதற்கு இவ்வளவு சலுகை யாரும் கொடுக்கமாட்டார்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் இருப்பது உண்மை இல்லை. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வேறு தாள் எழுதுங்கள்.

பெயர் ராஜவேலு. வயது ஐம்பத்திரண்டு. திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில் கடை. பைக்கில் சூடாகிற பாகங்களுக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது என் தொழில். இன்ஜின் கேஸ், சிலிண்டர், ஹெட், சைலன்சர். டேங்குக்கும் சைடு கவருக்கும் அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹீட் பெயிண்ட் என்றால் செஞ்சியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் என் கடைக்குத்தான் பாகங்கள் சாக்கு மூட்டையில் வரும். தற்பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

பெயிண்ட் வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். டப்பாவின் மேல் அறுநூறு டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பெரிய நம்பர் என்றால் நல்ல சரக்கு என்று எல்லாத்துக்கும் அதையே வாங்கிக்கொண்டு வருவார்கள் நம் ஆட்கள். இன்ஜின் கேஸ் நூற்றைம்பது டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அந்தச் சூட்டில் அறுநூறு டிகிரி பெயிண்ட் வேகவே வேகாது, பச்சையாகவே கிடக்கும். பெட்ரோல் ஒரு சொட்டு பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும். சைலன்சர் வளைவுக்கு அறுநூறு, ஹெட்டுக்கு முந்நூறு, கேஸுக்கு இருநூறு. கறி வேகிற தீயில் சோற்றை வைத்தால் அடிப்பிடிக்கும், சோறு வேகிற தீயில் கறி வேகாது. அவ்வளவுதான் சங்கதி.

அடித்தபிறகு சூடு காட்ட வேண்டும். என் மனைவி காந்திமதி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த இரும்பு பீரோவில் நான் ஹீட்டர் காயில் வைத்திருக்கிறேன். உள்ளே குறுக்கே கம்பி கட்டி, பாகங்களைக் கொக்கியில் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிடுவேன். "பொடவ வெக்கறதுக்கு எங்கப்பன் வாங்கிக் குடுத்த பீரோவ அடுப்பா மாத்தின ஒரே ஆளு நீதான்யா" என்பாள். இருபத்தாறு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் சிரிப்பு வரும்.

அடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பாகத்தைக் கழுவிக் காயவைத்து, கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல பாகம் கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் பாடும். எங்கேயாவது விரிசல் இருந்தால் டொக் என்று நின்றுவிடும். அப்புறம் சாக்பீஸைப் பொடி பண்ணித் தூவுவேன். விரிசலுக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும், அது கசிந்து பொடியில் கறுப்புக் கோடு இழுக்கும். கோடு தெரிந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் அழுத்தி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட பாகத்துக்குப் பெயிண்ட் கிடையாது. வெல்டிங்குக்குப் போ, இல்லையென்றால் குப்பைக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

மெக்கானிக்குகள் அதற்கு 'வேலு அண்ணன் வட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வட்டம் இல்லாமல் பெயிண்டோடு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு இருபது வருடம் ஆனது.

சித்தார்த்தன் வந்தது போன ஆடியில். கண்டமங்கலத்துப் பையன், இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது, புதுச்சேரியில் ஏதோ கம்பெனியில் வேலை. அவன் அப்பா ஓட்டிய பழைய வண்டி ஒன்றைப் பிரித்து மேய்ந்து புதுசு பண்ணிக்கொண்டிருந்தான். சைலன்சரை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். மரியாதையான பையன்தான். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மேட் கறுப்பு அடித்து, பீரோவில் வைத்து எடுத்து, மூன்றாம் நாள் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. நாற்பத்து மூன்று செகண்ட். அவன் முகம் தெரியாது, கை தெரியும், என் சைலன்சர் தெரியும். "திண்டிவனத்துல பெரிய பேரு மக்களே இவருக்கு. இங்க பாருங்க. பாம்பு சட்ட உரிக்கிற மாதிரி உரிச்சிகினு வருது பாருங்க" என்று நகத்தால் எடுத்துக் காட்டினான். சிரித்தான். பின்னால் இன்னொருவனும் சிரித்தான்.

அதன்பிறகு டீக்கடையில் எனக்குப் பெயர் 'சட்டை உரிச்ச வேலு'. "இன்னா வேலு, இன்னிக்கு எத்தினி சட்ட?" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் சிரித்துக்கொண்டே கிளாஸை வைத்துவிட்டு வந்துவிடுவேன். வேலை குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. யாரும் எனக்கு ஒரு பைசா நஷ்டம் பண்ணவில்லை. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய் முந்தின நாள் அடித்த பாகத்தைச் சுரண்டிப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளில் நான் அடித்தது எது என்று தேடி, குனிந்து, நகத்தை வைத்துப் பார்ப்பேன். ஒருத்தன் என்னைத் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டான்.

காந்திமதி வீடியோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். "அன்னிக்கு ஆடி வெள்ளின்னு வாழக்கா பஜ்ஜி போட்டேன். நீ துன்னுகினே போன் பேசிகினு அந்த எண்ணெக் கையோட சைலன்சர தூக்கி மாட்டின. நான் அப்பவே சொன்னேன், கைய கழுவுய்யான்னு" என்றாள். பெண்களுக்குத் தொழில் தெரியாது. இருபத்தாறு வருடம் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. நான் கை கழுவாமல் பாகத்தைத் தொடுகிற ஆள் இல்லை. சித்தார்த்தனுக்கே போன் போட்டேன்.

"தம்பி, வண்டி சூடா இருக்கும்போது தண்ணி ஊத்துனியா?"

"இல்லண்ணா. மாட்டுனதுல இருந்து கழுவவே இல்லண்ணா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுன்னா வீடியோவ தூக்கிடறேன்."

தூக்கிவிட்டான். அன்றைக்கே தூக்கினான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கொட்டின பாலை அள்ள முடியுமா. அதற்குள் நூறு போனில் அது இருந்தது. என் போனிலும் இருந்தது. அழிக்கலாம் என்று எத்தனையோ முறை விரலை வைத்தேன். அழித்துவிட்டால் ஊரில் எல்லாரிடமும் இருக்கும், என்னிடம் மட்டும் இருக்காது. அதனால் வைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை தொடங்கின வாரம், விழுப்புரம் மெக்கானிக் சீனுவாசனிடமிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை வந்தது. உள்ளே இன்ஜின் கேஸும் சிலிண்டரும். சாக்கின் மேல் மார்க்கரில் 'சித்தார்த்தன், கண்டமங்கலம்' என்று எழுதியிருந்தது. நான் மூட்டையைப் பிரிக்காமல் சீனுவாசனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்தப் பையன்தான். மனசுல வெச்சிக்காதீங்க. நான் வேற ஆளப் பாக்கறேன்னுதான் சொன்னேன். அவன் பொண்டாட்டி ஜெசிந்தா ஒத்துக்கல. அவருகிட்டயே குடுங்க, தப்பு நம்மளுதுன்னு அவருக்குத் தெரியணும்னு சொல்லிச்சு" என்றான்.

இதை நீங்கள் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வீர்கள். சீனுவாசனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைச் சோதிக்கிறார்கள் என்று தோன்றியது. கையில் போனை வைத்துக்கொண்டு, எப்போது உரியும் என்று காத்திருப்பார்கள் என்று தோன்றியது. கோபம் வந்தது, மேடம். கத்துகிற கோபம் இல்லை. பீரோவுக்குள் காயில் சிவப்பதற்கு முன்னால் ஒரு சூடு இருக்குமே, கண்ணுக்குத் தெரியாமல், அந்த மாதிரி.

கேஸைக் கழுவித் தொங்கவிட்டுத் தட்டினேன். டொக் என்றது.

இன்னொரு தடவை தட்டினேன். டொக். சாக்பீஸ் தூவினேன். பின்பக்கம், சேஸில், அதாவது வண்டிச் சட்டத்தில், போல்ட் போட்டு மாட்டுகிற காது இருக்கிறது பாருங்கள், அதன் அடியில் ஒரு கோடு எழுந்தது. பாதிச் சுற்றுக்குமேல் போயிருந்தது. என் கை தானாக சாக்பீஸை எடுத்து அழுத்தி வட்டம் போட்டது. நான் யோசிக்கவில்லை, இருபது வருடப் பழக்கம். வட்டத்தைப் போட்டபிறகுதான் யோசித்தேன்.

அந்தக் காது விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். செயின் இழுக்கிற இழுப்பெல்லாம் அங்கேதான் விழும். அது உடைந்தால் இன்ஜின் கோணிக்கொள்ளும், செயின் பல்லைவிட்டு இறங்கிச் சுருட்டிக்கொள்ளும், பின்சக்கரம் பிடித்துவிடும். மெதுவாகப் போனால் விழுந்து முட்டி தேயும். வேகமாகப் போனால், பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று உங்கள் தாளில் இருக்கிறது. அது தப்பு.

வட்டத்தோடு திருப்பி அனுப்பினால் என்ன சொல்வான்? 'பயந்துட்டாரு, உரியும்னு தெரிஞ்சி விரிசல்னு சொல்லி மழுப்பறாரு' என்பான். வெல்டிங் வைத்துவிட்டுத் திரும்ப அனுப்பினாலும், வெல்டிங் வைத்த இடத்தில் பெயிண்ட் நிறம் ஒரு சாயல் மாறித்தான் நிற்கும். அதையும் வீடியோ எடுப்பான். போனை எடுத்து அந்த நாற்பத்து மூன்று செகண்டை மறுபடியும் பார்த்தேன். பின்னால் சிரிக்கிறானே இன்னொருவன், அவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளங்கையால் வட்டத்தைத் துடைத்தேன்.

உள்ளங்கையால், மேடம். தின்னர் போட்டுத் துணியால் துடைத்திருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியம் உள்ளுக்குள் சொரசொரப்பாக இருக்கும், சாக்பீஸ் அதன் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கையால் தேய்த்தால் மேலே போனமாதிரி தெரியும், உள்ளே இருக்கும். இது எனக்குத் தெரியாதா. தெரியும். தின்னர் டின் நான்கு அடி தூரத்தில்தான் இருந்தது. போய் எடுத்துவருவதற்குள் மனசு மாறிவிடுமோ என்று பயந்தேன். ஸ்ப்ரே கன் கையில் இருந்தது. அடித்துவிட்டேன்.

மூன்று கோட். இருநூறு டிகிரி, மேட் கறுப்பு. கோட்டுக்குக் கோட் பத்து நிமிஷம் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக. என் ஆயுசில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. பீரோவிலிருந்து எடுத்தபோது காந்திமதி காபியோடு வந்தாள். கொஞ்ச நேரம் கேஸையே பார்த்தாள்.

"காலைல இதுலதான வட்டம் போட்டு வெச்சிருந்த?"

"அழுக்கு. பாத்தேன், ஒண்ணுமில்ல."

அவள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். விபத்துச் செய்தி வந்த அன்றைக்கு ஓமந்தூரில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் நீங்கள் எழுத வேண்டும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் மூன்று தடவை பஸ் ஏறினேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொல்கிற விஷயமா அது.

முதல் தடவை விழுப்புரம் போனபோது இன்ஜின் பெஞ்சின் மேல் இருந்தது. சீனுவாசன் டீ குடிக்கப் போயிருந்தான். பக்கத்துக் கடை ஆள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, வெல்வெட்டு மாதிரி கீது" என்றான். நான் இரண்டு நிமிஷம் நின்றேன். சீனுவாசன் வரும்வரை காத்திருக்கலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். திண்டிவனம் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

இரண்டாம் தடவை போனபோது வண்டி முழுசாக முடிந்து வாசலில் நின்றது. அதை எடுத்துக்கொண்டுபோக சித்தார்த்தனும் ஜெசிந்தாவும் வந்திருந்தார்கள். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள்தான் முன்னால் வந்தாள். மெலிந்த பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஹெல்மெட்.

"அண்ணே, இவரு அன்னிக்கு ஃப்ரெண்டுங்க கூட சேர்ந்துகினு வெளாட்டுக்குப் பண்ணிட்டாரு. ரொம்ப நாளா நேர்ல சொல்லணும்னு சொல்லிகினு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றாள். அப்புறம் குனிந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். "எவ்ளோ அழகா வந்துகீது. இத வீடியோ எடுத்துப் போட சொல்லியிருக்கேன் இவர."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கேஸைக் கழற்றி அந்தக் காதுக்கு ஆர்கான் வெல்டிங் வை என்று நாலு வார்த்தை. ஆனால் வெல்டிங் வைத்தால் பெயிண்ட் கருகும், மேடம். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பேறிவிடும். அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது. பாருங்கள், நான் அப்போது யோசித்தது இதைத்தான். கருகிவிடுமே என்று.

"மூணு தடவ சூடு காட்டும்மா" என்றேன். "மொதல்ல பத்து நிமிஷம் ஓட விட்டு ஆற விடு. அப்புறம் இருபது, அப்புறம் முப்பது. சூடா இருக்கும்போது தண்ணி மட்டும் காட்டக் கூடாது."

அவள் அதைப் போனில் எழுதிக்கொண்டாள். அந்தப் போனை நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தது, உள்ளே எழுத்து நன்றாகத் தெரிந்தது. பத்து, இருபது, முப்பது என்று எழுதி, மூன்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்து வைத்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த வாடிக்கை அவள் ஒருத்திதான்.

"ஒரு நாள் வூட்டுக்கு வாங்கண்ணே, பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சித்தார்த்தன் முதன்முதலாக நிமிர்ந்து, "வர்றேண்ணா" என்றான். போய்விட்டார்கள்.

மூன்றாம் தடவை நான் கண்டமங்கலத்துக்கே போனேன். வீடு தெரியாது, விசாரித்தால் சொல்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். எதிரில் அந்த வண்டி வந்தது. ஜெசிந்தா பின்னாலிருந்து என்னைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள். அவன் ஹார்ன் அடித்தான், வேகத்தைக் குறைத்தான். நிற்கப்போகிறான் என்று தெரிந்தது. நான் போ போ என்று கையைக் காட்டிவிட்டேன். ஏன் அப்படிக் காட்டினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வண்டி கடந்துபோகும்போது நான் இன்ஜினைத்தான் பார்த்தேன். வெயில் நேராக விழுந்தது, ஒரு திட்டுகூட இல்லை. இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதே பஸ் திரும்பி வந்ததும் ஏறிவிட்டேன்.

வண்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து பத்தொன்பதாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, வளவனூர் தாண்டி. பின்சக்கரம் பிடித்தது. அவன் இடதுபக்கம் விழுந்தான், இடுப்பு எலும்பு போனது. அவள் வலதுபக்கம் விழுந்தாள். பின்னால் கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் கேஸைக் கழற்றி இந்த மேசைமேல் வைத்திருக்கிறார். உடைந்த காதைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், ஒரு சாக்பீஸ் அகலத்துக்கு. அதைப் பார்த்ததும் சீனுவாசன் முகம் வெளுத்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த விழுப்புரம் மாவட்டத்தில் அந்த வட்டம் என்ன என்று தெரியாத மெக்கானிக் கிடையாது. ஆனாலும் அவன் உங்களிடம் வேறு சொன்னான். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னான். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அவன் சொன்னதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான்கு தடவை படித்தேன். 'வயது காரணமாகப் பார்வை மங்கியதால் விரிசலைக் கவனிக்காமலும், பாகத்தைச் சரிவரச் சுத்தம் செய்யாமலும், தரக்குறைவாகப் பெயிண்ட் அடித்தபடியால் மேற்படி பெயிண்ட் உரிந்து.'

பெயிண்ட் உரிந்து.

இதில் நான் கையெழுத்துப் போட்டால் இது கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டிலிருந்து பேப்பருக்குப் போகும். டீக்கடையில் உரக்கப் படிப்பார்கள். அந்த வீடியோவில் சிரித்தானே, பின்னால் இருந்தவன், அவனும் படிப்பான். அது என்னால் முடியாது. ஜெயில் எனக்குப் பெரிதில்லை, அங்கேயும் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டியிருக்கும்.

அந்தக் கேஸை எடுங்கள், மேடம். வட்டத்துக்கு உள்ளே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வராது. வெளியே சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவரே வைத்துப் பாருங்கள். ரோட்டில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அலுமினியமே தேய்ந்திருக்கிறது, பெயிண்ட் விட்டதா? விட்டது அந்த வட்டக் கோடு மட்டும்தான். ஏன் விட்டது? அடியில் சாக்பீஸ் இருந்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், துளைக்குள் வெள்ளை தெரியும். வட்டம் போட்டது யார்? நான். விரிசலைப் பார்க்காதவன் வட்டம் போடுவானா? என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. விரிசலை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். உடைந்தால் சாவார்கள் என்று தெரிந்தேதான் துடைத்தேன், தெரிந்தேதான் அடித்தேன், தெரிந்தேதான் மூன்று தடவையும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அப்படி எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். ஆனால் என் பெயிண்ட் உரியவில்லை.

கடைசியாக இன்னொன்று, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்து சைலன்சர். அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, அதனால் துல்லியமாகச் சொல்கிறேன். உரிந்தது நான்கு இடம். நான்கும் பக்கத்துப் பக்கத்தில், வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். அவன் சைலன்சரைத் திருப்பும்போது அந்தப் பக்கமும் தெரிகிறது, அங்கே ஐந்தாவதாக ஒன்று, சற்றுக் குட்டையாக, அகலமாக.

அது தண்ணீர். சூட்டில் தண்ணீர் பட்டால் அப்படித்தான் உரியும், மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.